துண்டறிக்கையும் ஈரச்சுவரும்

அன்புள்ள ஐயா,

உள்ளாட்சி ஒன்றின் சுகாதாரக் குழுவுக்கு அறிக்கை தயாரிக்கும் வேலை எனக்கு. ஏழைப் பகுதிகளில் ஆயுள் குறைவதை வரைபடம் போட்டுக் காட்டி, வாடகை, கூலி, ஈரமேறிய வீடுகள் என்று காரணங்களும் எழுதினேன். கடைசியில் நிறைவேறியது உடற்பயிற்சி விழிப்புணர்வு முகாம். உறுப்பினர்களுக்கு விளங்கும்படி எழுதுவது எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். எழுத்தைப் பற்றி அவ்வளவுதான்.

‘விளங்கும்படி’ என்கிறீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. சில வாரங்களாகவே இதை யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு விளங்கவில்லை என்று யார் சொன்னது? படித்தவர்களின் அகந்தை இது. ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் படியேறியவருக்கு எந்தச் சுவரில் ஈரம் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். அப்படியொரு கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வாடகையைப் பற்றி அத்தனை தெளிவாகப் பேசினார்கள். உள்ளே போனதும் புகையிலை ஒழிப்புத் துண்டறிக்கைக்குக் கை தூக்கினார்கள். வேறென்ன செய்வார்கள்? துண்டறிக்கை அவர்கள் அதிகாரத்துக்குள் இருக்கிறது, நிதியாண்டு முடிவதற்குள் அச்சாகிவிடும், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று கணக்கும் காட்டலாம். வீடு வேறு துறை. கூலி வேறு அரசு. பலன் தெரிவதற்குள் பதவிக்காலமே முடிந்துவிடும்.

அந்தத் துண்டறிக்கையால் எவ்வளவு ஆகும் என்பதும் தெரிந்த கதைதான். பிரிட்டனில் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு அரசு ஊழியர்களைத்தான் பார்த்தது. எல்லோருக்கும் வேலை இருந்தது, சம்பளம் வந்தது. அப்படியும் பதவி இறங்க இறங்க இதயநோய்ச் சாவு ஏறியது. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1980இல், உடல்நல ஏற்றத்தாழ்வை ஆராய அந்நாட்டு அரசே அமைத்த குழுவின் பிளாக் அறிக்கை வறுமையையும் வீட்டையும் நேராகவே சுட்டியது. அரசு அதை விடுமுறையை ஒட்டி, 260 பிரதிகள் மட்டும் எடுத்து வெளியிட்டது. விளங்காமலா? நன்றாக விளங்கியதால்தான்!

2013இல் இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரப் பொறுப்பை உள்ளாட்சிகளிடமே கொடுத்தார்கள். வீடும் சுகாதாரமும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன என்று நானும் மகிழ்ந்தேன். 2015இலேயே அதற்கான மானியத்தில் கை வைத்துவிட்டார்கள்.

சோர்ந்துபோய் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் போல ஒருவர் அந்தக் குழுவுக்குத் தேவை. வரைபடம் போதும், இனி வேண்டாம். ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே எந்தத் துறை, எந்த நிதித் தலைப்பு, யார் கையெழுத்து என்று எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் காலியாகவே அச்சிட்டு, கூட்டத்தில் அதை உரக்க வாசியுங்கள். முகாமுக்கும் போங்கள். வருகிறவர்களிடம் எடையைக் கேட்பதற்கு முன் வீட்டைப் பற்றிக் கேளுங்கள்.