பிறந்தவுடன் குழந்தையின் நுரையீரல் இரத்தக் குழாய்கள் எப்படி மாறுகின்றன?

கருப்பையில் குழந்தைக்கு ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகத்தான் வருகிறது. நுரையீரலில் காற்றில்லை, திரவம் மட்டுமே. அதன் இரத்தக் குழாய்கள் இறுகச் சுருங்கியிருக்கும். அதனால் பெரும்பகுதி இரத்தம் இதய மேலறைகளுக்கு இடையிலுள்ள துளை வழியாகவும், டக்டஸ் என்ற இணைப்புக் குழாய் வழியாகவும் நுரையீரலைத் தவிர்த்துப் போய்விடும்.

முதல் மூச்சில் நுரையீரல் விரிகிறது, ஆக்சிஜன் உயர்கிறது. உடனே குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்க, சுற்றியுள்ள தசை தளர்கிறது. பிறப்பை ஒட்டி நுரையீரலுக்குப் போகும் இரத்தம் 8 முதல் 10 மடங்கு கூடுகிறது. இந்த வேகம்தான் எனக்குப் பெரிய வியப்பு! தடித்த தசைச்சுவர் மெலிவதற்கோ வாரக்கணக்கில் ஆகும்.

அப்புறம், சில குழந்தைகளுக்கு இந்தத் தளர்வு சரியாக நடப்பதில்லை. உடல் நீலம் பாயும். அப்போது அதே நைட்ரிக் ஆக்சைடைச் சுவாசக் காற்றில் கலந்து கொடுப்பதுண்டு.