கேள்வி – பதில்: அம்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: முதலாம் வருடப் புவியியல் வகுப்பில் 240 பேர். கட்டுரை விடைகளைத் திருத்தி முடிக்க ஒரு மாதம் போகிறது. பல்தேர்வு வினா வைத்தால், விளங்கி எழுதினார்களா ஊகித்துப் போட்டார்களா என்று தெரிவதில்லை. சொற்களைப் பெட்டிகளில் எழுதி, அவற்றை அம்புகளால் இணைத்து, தொடர்பை அம்பின் மேல் எழுதும் எண்ணக்கரு வரைபடம் கீறுவித்துப் புள்ளி போடலாமா?
– விரிவுரையாளர் ஒருவர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் புள்ளி பெட்டிக்கு இல்லை, அம்பின் மேல் எழுதிய சொல்லுக்குத்தான்.

பனங்கிழங்கிலிருந்து ஒடியலுக்கு ஓர் அம்பு, புழுக்கொடியலுக்கு ஓர் அம்பு. வெறும் கோடு கீறியவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று எப்படிச் சொல்வது? ‘பச்சையாகக் காயவிட்டால்’, ‘அவித்துக் காயவிட்டால்’ என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் கிழங்கையே வைத்துப் புள்ளியில்லாமல் ஒருமுறை பழக்குங்கள். பழக்காமல் சோதனை வைத்தால் பாடம் தெரிந்த பிள்ளையும் கீறத் தெரியாமல் புள்ளி இழக்கும்.

சோதனைக்கு ஒரே வினா: ‘கரையோரக் கிணறுகள் ஏன் உவராகின்றன?’ சுண்ணாம்புக்கல், மழை, இறைப்பு, நன்னீர் வில்லை (நிலத்தடியில் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்), உவர்நீர் என்று 12 சொற்களை நீங்களே அச்சிட்டுக் கொடுங்கள். சொற்களை அவர்களிடம் விட்டால் 240 தாளும் 240 விதமாக வரும், ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஏ4 தாள் குறுக்காக, பென்சில், 25 நிமிடம் போதும்.

திருத்த முதல், கட்டாயம் இருக்கவேண்டிய 8 இணைப்புகளை எழுதி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 2, 1, 0. இறைப்பிலிருந்து உவர்நீருக்குப் போகும் அம்பில் ‘கூடினால் நன்னீர் வில்லை மெலிந்து, கீழிருந்து மேலேறும்’ என்றிருந்தால் 2. ‘கூட்டும்’ என்று மட்டும் இருந்தால் 1. சொல்லே இல்லையென்றால் 0. தாளுக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் 6 மணித்தியாலத்தில் முடியும்.

கல்வி ஆய்வாளர்களான நோவக்கும் கோவினும் 1984இல் தந்த முறையில் சரியான இணைப்புக்கு 1, படிநிலைக்கு (பொதுவானதிலிருந்து குறிப்பானதுக்கு இறங்கும் ஒவ்வொரு மட்டத்துக்கும்) 5, குறுக்கிணைப்புக்கு (வரைபடத்தின் வேறு வேறு கிளைகளை இணைக்கும் அம்புக்கு) 10. பெரிய வகுப்புக்கு அதை நான் சொல்லமாட்டேன். 10 புள்ளிக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறுவார்கள். நீர் வட்டம் போன்ற சுற்றிவரும் விடயத்தில் படிநிலையை எங்கிருந்து எண்ணுவது?

திருத்துபவர் இருவரென்றால் முதல் 20 தாளை இருவரும் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். புள்ளி வேறுபடும் இணைப்புக்கு விடைக்குறிப்பு தெளிவில்லை என்று அர்த்தம். அதைத் திருத்தியபின் மிச்சத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பிழையான அம்புகளையும் எண்ணி வையுங்கள். கடலிலிருந்து கிணற்றுக்கு அம்பு கீறி ‘நிலத்துக்கு மேலால் வரும்’ என்று எழுதியவர்கள் 90 பேரென்றால், அடுத்த விரிவுரை அங்கேதான் தொடங்கவேண்டும்.