குழந்தை நாய்க்குடையைத் தொட்டுவிட்டால்...

கேள்வி: மழை விட்டதும் எங்கள் வீட்டுப் புல்தரையிலும், வெட்டிய தென்னையின் அடிமரத்தைச் சுற்றியும் நாய்க்குடைகள் முளைக்கின்றன. போன வாரம் என் இரண்டரை வயது மகள் ஒன்றைப் பிடுங்கிக் கையிலேயே நசுக்கிவிட்டாள். “தொட்டாலே விஷம் ஏறும்” என்று அத்தை பதறிப்போய், அவளைத் தலைக்குக் குளிப்பாட்டினார். அதைப் பார்த்த ஐந்து வயது மகன் அன்றிலிருந்து தோட்டத்துக்கே வரமாட்டேன் என்கிறான். உண்மையிலேயே தொட்டால் ஆபத்தா? – வாசகி, பொள்ளாச்சி

பதில்: தொட்டதால் உங்கள் மகளுக்கு எதுவும் ஆகாது. காளானின் நஞ்சு உடலில் வேலை செய்ய அது வயிற்றுக்குள் போயாக வேண்டும். ஐரோப்பாவில் பலரைக் கொன்ற ‘டெத் கேப்’ காளானையே அதைப் படிப்பவர்கள் வெறுங்கையால் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார்கள். அதிலுள்ள அமடாக்சின் என்ற நஞ்சு நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை. தொட்டாலே தோல் எரியும் என்று சொல்லப்படும் காளான் ஒன்று ஜப்பானிலும் கொரியாவிலும் உண்டு. அதற்குக் குடை வடிவம் கிடையாது. சிவப்பு விரல்கள் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். உங்கள் தோட்டத்து நாய்க்குடையை அதோடு சேர்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் அத்தையின் பதற்றம் முழுக்க வீண் என்றும் சொல்லமாட்டோம். இரண்டரை வயதில் கையில் பட்டது எதுவும் அடுத்த நிமிடம் வாய்க்குப் போகும். அதனால் உங்கள் மகள் வயதுக் குழந்தையைக் காளான் இருக்கும் இடத்தில் தனியே விடக்கூடாது. தொட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 20 நொடியாவது கையைக் கழுவுங்கள். நக இடுக்கில் துணுக்கு ஒட்டியிருக்கும், அங்கே தேய்க்க வேண்டும். சானிடைசர் இதற்கு உதவாது. அது கிருமியைக் கொல்லுமே தவிர, ஒட்டிய துணுக்கை அகற்றாது. அந்தக் கையால் கண்ணைக் கசக்கியிருந்தால் சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவினால் போதும். தலைக்குக் குளிப்பாட்டத் தேவையில்லை.

மிதித்தால் புகை போலத் தூள் கிளம்பும் உருண்டைக் காளானிடம் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அந்தத் தூளை நிறைய உள்ளிழுத்தால் நுரையீரல் அழற்சி வரும். 1994-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பதின்வயதினர் எட்டுப் பேர் அப்படி நோய்வாய்ப்பட்டார்கள். அவர்கள் வேண்டுமென்றே மூக்கில் இழுத்தவர்கள். காலில் பட்டு ஒன்று வெடித்தால் அவ்வளவு ஆகாது. ஆனால் முகத்துக்கு நேரே ஊதி விளையாட விடாதீர்கள், ஆஸ்துமா உள்ள குழந்தை என்றால் பக்கத்திலேயே விடாதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஆனால் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்: தின்றுவிட்டால் என்ன செய்வது?

மழைக்குப் பின் புல்தரையில் அடிக்கடி வருவது, வெள்ளைக் குடையின் மேல் பழுப்புச் செதில்கள் ஒட்டிய பெரிய காளான். விரிந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக்கூட வரும். முற்றியதும் அடிப்பக்க மடிப்புகள் பச்சையாக மாறும். இதைத் தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். உயிரைப் பறிப்பது அரிது, ஆனால் சின்னக் குழந்தையின் உடலில் நீர் வற்ற அதிக நேரம் ஆகாது. பூந்தொட்டியில் எட்டிப் பார்க்கும் மஞ்சள் நிறச் சின்னக் குடைகளும் வயிற்றைக் கலக்கும். உண்மையான பயம் அமடாக்சின் உள்ள வகைகளில்தான். புல்லில் வளரும் சின்னஞ்சிறு குடைகள் சிலவற்றிலும் அது உண்டு. தின்ற பிறகு 6 முதல் 24 மணி நேரம் வரை குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். பிறகு வாந்தி, பேதி. அது நின்றதும் ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். கல்லீரல் கெடுவது அந்த நேரத்தில்தான். ஆகவே ‘இத்தனை நேரம் ஒன்றும் ஆகவில்லையே’ என்று காத்திருக்காதீர்கள்.

வாயில் கண்டால் விரலால் துணுக்குகளை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, கொப்பளிக்கத் தெரிந்த குழந்தை என்றால் கொப்பளிக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் ஏறிவிடும். மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அவசரத்துக்கு 108. டெல்லி எய்ம்ஸில் 24 மணி நேரமும் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. வண்டியில் போகும்போதே பேசலாம்.

காளானையும் கையோடு கொண்டுபோக வேண்டும். குழந்தை கடித்த மிச்சம், அதே இடத்தில் முளைத்த இன்னொன்று, இரண்டும் வேண்டும். இன்னொன்றைக் கிள்ளி எடுக்காமல், கரண்டியால் மண்ணோடு தோண்டி எடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதியில் முட்டை ஓடு போல ஒரு பை இருக்கிறதா என்பது வகையை அறிய முக்கியமான அடையாளம். காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்துக் குழைந்துபோகும். மேல்பக்கம், அடிப்பக்க மடிப்புகள், காம்பு, முளைத்த இடம் நான்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளியைப் போட்டால் கறுக்கும், நத்தை கடித்திருந்தால் நல்லது, கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்பதெல்லாம் நம்பத் தகாதவை. அமடாக்சின் கொதிநீரில் அழியாது. வீட்டில் பெரியவர்கள் புற்றுக் காளான் பறித்துச் சமைக்கும் வழக்கம் இருந்தால், குழந்தைகள் எதிரே பறிக்க வேண்டாம். பெரியவர் தோட்டத்தில் பறித்ததைத் தின்கிறார் என்பது மட்டும்தான் அவர்கள் கண்ணில் படும்.

காலையில் குழந்தைகள் எழுவதற்கு முன் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, முளைத்ததைப் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மாலையில் இன்னொரு சுற்று, ஏனென்றால் ஒரே பகலில் குடை விரிந்துவிடும். மருந்து தெளிப்பதில் பலன் இல்லை. மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் பூஞ்சை இழைகள் இருக்கும்வரை அடுத்த மழைக்கு மறுபடி வரும். தெளித்த மருந்து குழந்தை கையில் ஒட்டுவதுதான் மிச்சம். அந்தத் தென்னை அடிமரத்தைத் தோண்டி அகற்றுவது நல்லது. மக்கும் கட்டையடியில் தேளும் பூரானும் ஒதுங்கும். நாய்க்குடையைத் தொடப் போகும் கைக்கு அவைதான் நிஜமான ஆபத்து.

மகனின் பயம்தான் எங்களுக்குக் கவலை தருகிறது. தொட்டதற்கே இவ்வளவு கூச்சல் என்றால், நாளை தின்றுவிட்டாலும் சொல்லாமல் மறைப்பான். “தின்றாயா, எவ்வளவு?” என்ற கேள்விக்கு உண்மையான பதில் கிடைப்பது சிகிச்சைக்கு மிக முக்கியம். அத்தையிடமும் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். மகனிடம், “பார்க்கலாம், அம்மா பக்கத்தில் இருந்தால் தொடலாம், வாயில் மட்டும் வைக்கவே கூடாது. தங்கச்சி வைத்தால் ஓடி வந்து சொல், திட்டமாட்டேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

அவனோடு ஒரு சோதனையும் செய்யலாம். நன்றாக விரிந்த ஒரு குடையின் காம்பை நீங்கள் வெட்டிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் மடிப்புகள் கீழே இருக்கும்படி கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தால் மூடி, தங்கச்சிக்கு எட்டாத அலமாரியில் இரவு முழுக்க வையுங்கள். இருவரும் கை கழுவுங்கள். காலையில் கிண்ணத்தை எடுத்தால், வித்துத்தூள் விழுந்து மடிப்புகளின் கோலம் அப்படியே தாளில் பதிந்திருக்கும். தூள் பச்சையாக இருந்தால், முன்பு சொன்ன வாந்திக் காளானாகத்தான் இருக்கும். அது முளைத்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். அடுத்த மழைக்குப் பின் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.