வேலை போய் ஐந்து வாரம்: வேலந்தாவளம் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி,

உங்கள் கேள்வி மூன்றாகப் பிரிகிறது. கனடாவில் பிராம்ப்டனில் கிடங்கு வேலை லே ஆஃப் ஆகி ஐந்து வாரம் ஆகிறது, வேலை போனவர்களுக்கு வரும் காப்பீட்டுப் பணமான இ.ஐ.க்கு உடனே விண்ணப்பித்தும் ஒரு சென்ட் வரவில்லை, ஏன்? பணம் வரும்வரை ஊருக்குப் போய் ஆவணியில் அக்கா கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு, இ.ஐ.க்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ரிப்போர்ட்டை அங்கிருந்தே போடலாமா? "சும்மா வருகிற சர்க்கார் காசு நமக்கு எதற்கு" என்கிற அப்பாவுக்கு என்ன சொல்வது?

கடைசிக் கேள்விக்கு உங்களைக் கேட்காமலே அப்பாவிடமே பதில் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் இப்போது கனடாவிலிருந்து லீவில் வந்து, பாலக்காட்டு எல்லையில் உங்கள் ஊர்ப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பனை ஓலைகளைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. நேற்று காலை அந்தக் காற்றிலும் உங்கள் அப்பா மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். டீ குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "ஏனுங்க, நம்ம பஞ்சாயத்தில கொடுக்கற தொழில்ரகித வேதனம் மாதிரிதானுங்களா அதுவும்?" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. இந்தப் பக்கம் வேலையில்லாதவனுக்கு சர்க்கார் கொடுக்கும் காசு என்றால் மாதம் 120 ரூபாய், அதற்கு வருமானச் சான்று. வீட்டில் யாராவது வாங்கினால் வெளியே சொல்லமாட்டார்கள். உங்கள் பே ஸ்டப்பில் ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்திருக்கும் இ.ஐ. தொகையைக் காட்டச் சொன்னேன், அவர் போனில் நீங்கள் அனுப்பியது ஒன்று இருந்தது. 2024-இல் நூறு டாலர் சம்பளத்துக்கு 1 டாலர் 66 சென்ட் தொழிலாளியிடமிருந்து போனது. முதலாளி அதைப்போல 1.4 மடங்கு கட்டுகிறார். "வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டறீங்க, இடிச்சா வாங்கிக்கறதில்லையா, அதுதானுங்க இது" என்றேன். அதன் பெயரே எம்ப்ளாய்மென்ட் இன்சூரன்ஸ். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப கட்டின காசை ஏன் இழுத்தடிக்கறாங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி.

உங்கள் முதல் கேள்வியும் அதுதான். விண்ணப்பம் சேர்ந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் பணமோ முடிவோ வரவேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. சாதாரணமாக முதல் ஒரு வாரம் காத்திருப்பு வாரம், அதற்குப் பணம் கிடையாது. ஆக, நாலு வாரம் வரை பதறத் தேவையில்லை. ஐந்தாவது வாரத்திலும் அசைவில்லை என்றால், பத்தில் ஏழெட்டு பேருக்கு நான் பார்த்தவரையில் காரணம் ஒன்றுதான்: ஆர்.ஓ.இ. இன்னும் போய்ச் சேரவில்லை, அல்லது அதில் இருப்பதும் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதியதும் ஒத்துப்போகவில்லை.

ஆர்.ஓ.இ. என்பது உங்கள் கம்பெனி கொடுக்கும் வேலைப் பதிவு. எத்தனை மணி நேரம் வேலை, எவ்வளவு சம்பளம், ஏன் வேலை நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போது பெரும்பாலான கம்பெனிகள் இதைக் கணினி வழியாக நேரே, இ.ஐ.யைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகமான சர்வீஸ் கனடாவுக்கு அனுப்பிவிடுகின்றன, அதனால் உங்கள் கைக்கு ஒரு தாளும் வராது. சம்பளக் காலம் முடிந்து ஐந்து நாளுக்குள் அனுப்பியிருக்க வேண்டும். மை சர்வீஸ் கனடா அக்கவுன்ட்டுக்குள் போய்ப் பாருங்கள், அனுப்பியிருந்தால் அங்கே தெரியும். தெரிந்தால் முதலில் 16-ஆம் கட்டத்தைப் படியுங்கள். அதில் ஓர் எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் வேலை குறைவு, அதாவது உண்மையான லே ஆஃப். 'ஈ' என்றால் நீங்களே விட்டுவிட்டீர்கள். 'எம்' என்றால் வெளியேற்றினார்கள். 'கே' என்றால் மற்றவை, விளக்கம் கேட்பார்கள். 'ஈ', 'எம்', 'கே' இவற்றில் எது இருந்தாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து உங்களையும் கம்பெனியையும் விசாரித்துவிட்டுத்தான் பணம் விடுவார்.

இந்த ஒற்றை எழுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். 2009 பிப்ரவரி. கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் என்னையும் சேர்த்து ஒரு ஷிஃப்டையே நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய மாதம் அம்மாவுக்கு கோயமுத்தூரில் ஆபரேஷன் என்று இரண்டு வாரம் லீவு கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை, போகவும் இல்லை. சம்பளக் கணக்கு பார்த்தவர் அந்த லீவுக் கடிதத்தை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, என் ஆர்.ஓ.இ.யில் 'ஈ' என்று அடித்துவிட்டார். நான் 'வேலை இல்லை என்று அனுப்பினார்கள்' என்று எழுதியிருக்கிறேன், கம்பெனி 'தானே போனார்' என்கிறது. கோப்பு அப்படியே நின்றுவிட்டது. எனக்கோ ஒன்றும் தெரியாது. சர்க்கார் வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்று சித்தூர் தாலுக்கா ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து பழகிய பொறுமையோடு ஏழு வாரம் உட்கார்ந்திருந்தேன்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்தேன். முடிவே வராதபோது ரிப்போர்ட் எதற்கு என்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டிய ரிப்போர்ட்டைப் போடாமலே இருந்துவிட்டேன். கோப்பு நிற்பது வேறு, ரிப்போர்ட் வேறு. உரிய நாளிலிருந்து மூன்று வாரம் தாண்டினால் அந்த ரிப்போர்ட்டை ஏற்காமல் போகலாம், தாமதத்துக்குக் காரணம் சொல்லி வாதாட வேண்டிவரும். கடைசியில் சர்வீஸ் கனடா அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மாள்தான் திரையை என் பக்கம் திருப்பி, அந்த 'ஈ'யை விரலால் தொட்டுக் காட்டினார். அதே வாரம் கம்பெனிக்குப் போய் நின்று, திருத்திய ஆர்.ஓ.இ. அனுப்பச் சொன்னேன். அப்புறம் பணம் மொத்தமாக வந்தது, நான் ரிப்போர்ட் போடாத வாரங்களைத் தவிர.

அதனால், தம்பி, முதல் வேலையாக உங்கள் ரிப்போர்ட்டுகள் எல்லாம் போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். தபாலில் வந்த தாளில் நாலு இலக்க ரகசிய எண் ஒன்று இருக்கும். குப்பை விளம்பரக் கடிதம் என்று தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேஸ்மென்ட் வீடு மாறினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, முகவரியை மாற்றினீர்களா? பணம் நேரே வங்கிக்கு வரும்படி டைரக்ட் டெபாசிட் கொடுத்தீர்களா? இல்லையென்றால் உங்கள் காசோலை பழைய வீட்டுக்காரரின் தபால்பெட்டிக்குள் இருக்கலாம்.

சின் நம்பரையும், அதாவது வேலை செய்ய அரசு ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் எண்ணையும், ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். படித்து முடித்தபின் கொடுக்கும் வேலை அனுமதியில் இருக்கிறீர்கள், எனவே உங்கள் எண் 9-இல் தொடங்கும், அதற்கு ஒரு காலாவதித் தேதி உண்டு. அனுமதியைப் புதுப்பித்துவிட்டு சின்னைப் புதுப்பிக்க மறப்பவர்கள் நம் ஆட்களில் அதிகம்.

இன்னொன்று, நம் பக்கத்துக்காரர்களுக்கே உரிய தொல்லை: பெயர். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. தோட்டம் தமிழ்நாட்டில் பட்டா, வீடு கேரளாவில் போக்குவரவு (பெயர் மாற்றப் பதிவு) என்று இரண்டு ராஜ்யத்துக் காகிதத்தில் இரண்டு விதமாக வாழ்ந்து பழகிய நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. அங்கே கம்பெனி ஒரு விதமாகவும் சின் பதிவு வேறு விதமாகவும் வைத்திருந்தால் கோப்பு நின்றுவிடும். ஆர்.ஓ.இ.யில் உங்கள் பெயர் சின்னில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

கம்பெனி ஆர்.ஓ.இ.யே அனுப்பவில்லை என்றால்? எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல் போதும், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பே ஸ்டப்களையும் லே ஆஃப் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் கனடா அலுவலகத்துக்கு நேரில் போங்கள், அவர்களே கம்பெனியைக் கேட்பார்கள். போன் என்றால் 1-800-206-7218, காலையில் திறந்த உடனே கூப்பிடுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்துக்குப் போகலாம். நம் ஊர் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்பது போல நினைத்துக் கூச்சப்படாதீர்கள். மத்திய அரசுக் கோப்பு நின்றால் விசாரித்துச் சொல்வது அவர்கள் அலுவலகத்தில் தினமும் நடக்கிற வேலை. குடியுரிமை இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள்.

எவ்வளவு வரும் என்று கேட்டிருந்தீர்கள். சராசரி வாரச் சம்பளத்தில் 55 சதவீதம், 2024-இல் உச்சம் வாரம் 668 டாலராக இருந்தது. உங்களுக்கு வாரம் 800 என்றால் 440, அதிலும் வரி போகும். கம்பெனி கடைசியில் விடுமுறைச் சம்பளம் சேர்த்துக் கொடுத்ததா? கொடுத்திருந்தால் சாதாரணமாக அதை வாரங்களாகப் பிரித்துக் கணக்கிட்டு, அது தீர்ந்த பிறகுதான் இ.ஐ. ஆரம்பிக்கும். தாமதம் என்று நாம் நினைப்பது சில சமயம் இந்தக் கணக்குதான். நடுவில் ஒரு நாள் இரண்டு நாள் வேலை கிடைத்தால் செய்யுங்கள், ஆனால் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். சம்பாதித்த ஒரு டாலருக்கு ஐம்பது சென்ட்தான் இ.ஐ.யில் குறையும். கையில் காசே இல்லை என்றால் 211-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இலவசமாக உணவுப்பொருள் கொடுக்கும் ஃபுட் பேங்க் எது என்று சொல்வார்கள். நானும் 2009-இல் போயிருக்கிறேன். பருப்பு கிடைத்தது, அரிசிதான் ஒட்டுகிற அரிசி.

இப்போது கல்யாணம். இங்கே நீங்கள் தவறவிடக்கூடாத விஷயம் இது. கனடாவுக்கு வெளியே இருக்கும் நாட்களுக்கு சாதாரண இ.ஐ. கிடையாது. நெருங்கிய உறவில் மரணம், கடுமையான நோய், வேலைக்கான நேர்முகம் என்று சில காரணங்களுக்கு ஏழு நாள் வரை விலக்கு உண்டு. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கிடையாது. ரிப்போர்ட்டில் 'கனடாவுக்கு வெளியே இருந்தீர்களா' என்று நேரடியாகவே கேட்பார்கள். வேலந்தாவளத்தில் உட்கார்ந்துகொண்டு 'இல்லை' என்று அழுத்தினால் அது பொய். விமானத்தில் வந்து போவது எல்லையில் பதிவாகிறது, அந்தத் தகவல் இவர்களுக்கும் போகிறது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும், மேலே அபராதமும் விழும். நாளைக்கு நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்போகிற பையன் இந்தக் காகிதத்தில் கறை படிய விடலாமா?

போகவே கூடாது என்று சொல்லவில்லை. அக்கா கல்யாணம், தாலி முடியும்போது தம்பி மேடையில் இல்லையென்றால் பேச்சு ஒரு தலைமுறைக்கு நிற்கும். போங்கள், போகும் தேதியும் வரும் தேதியும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள், அந்த நாட்களுக்கான காசு போகட்டும். பத்து நாளில் திரும்பி மறுபடி தொடருங்கள். ஆனால் ஆர்.ஓ.இ. சரியாவதற்கு முன் விமானம் ஏறவேண்டாம். அவர்கள் விளக்கம் கேட்டு அழைக்கும்போது நீங்கள் நாதஸ்வரச் சத்தத்தில் இருந்தால் கோப்பு மறுபடி அடியில் போய்விடும்.

ஒருவேளை 'இல்லை' என்று முடிவு வந்தால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கு மேலே தீர்ப்பாயமும் உண்டு. அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் அம்மா கருப்பட்டி ஒரு பொட்டலமும் மோர் மிளகாயும் கட்டிக் கொடுத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு நான் கனடாவில் என் வீட்டில் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது அந்த ஆர்.ஓ.இ.யை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள், 16-ஆம் கட்டத்தைச் சேர்ந்து பார்ப்போம்.