ஏரி வாரியத்துக்கு ஓட்டு

அன்புள்ள சார்,

சென்ற ஆண்டுதான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. 2024 நவம்பரில் முதல்முறையாக ஓட்டுப் போட்டேன். 1992 முதல் அதிபர் தேர்தலில் நியூ ஜெர்சி ஜனநாயகக் கட்சிக்கே போய்க்கொண்டிருக்கிறது. முடிவு தெரிந்த இடத்தில் நான் வரிசையில் நின்றது எதற்கு? ஆற்றுக்கு அந்தப் பக்கம், எந்தக் கட்சிக்கும் போகக்கூடிய பென்சில்வேனியாவில் இருக்கும் என் நாத்தனாரைக் கட்சிக்காரர்கள் தேடித் தேடி வருகிறார்கள். அவர் வீட்டில் சேர்ந்த பிரசார நோட்டீஸை எடைக்குப் போடலாம். போதாக்குறைக்கு, இந்தத் தேர்தலால் நெருங்கிய தோழி ஒருத்தி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடவோலையில் தேர்தல் நடத்திய நமக்கு, மாநிலவாரியான பிரதிநிதிகளை வைத்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும் இந்த எலக்டோரல் காலேஜ் கூத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இனி ஓட்டுப் போடத்தான் வேண்டுமா? செய்திக்கு எந்தச் சானலை நம்புவது?

ஆர்., நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

எலக்டோரல் காலேஜ் அநியாயம்தான். 2000இல் அல் கோரும் 2016இல் ஹிலாரி கிளிண்டனும் நாடு முழுக்கக் கூடுதல் ஓட்டு வாங்கியும் தோற்றார்கள். அதை ஒழிக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும், முக்கால்வாசி மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும். கையில் இருக்கும் செல்வாக்கைச் சின்ன மாநிலங்கள் எதற்காக விட்டுக்கொடுக்கும்? அதை விடுங்கள். தோழி விஷயத்தில், கொஞ்ச நாள் கழித்து ஒரு டப்பா அதிரசத்தோடு அவர் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். கட்சி மாறமாட்டார், கதவைத் திறப்பார்.

எனக்குச் சுருக்கென்றது குடவோலை. நம்மவர்கள் யாரும் இதை விடுவதில்லை. ஆனால் உத்திரமேரூரில் குடத்துக்குள் கையை விட்டு யாரை எடுத்தார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. சோழ ராஜாவையா? பராந்தகன் பாட்டுக்குப் பராந்தகனாக இருந்தான். அவர்கள் எடுத்தது ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். இப்படி முப்பது குடும்பிலிருந்தும், அதாவது ஊரின் முப்பது வார்டுகளிலிருந்தும், பெயர் எழுதிப் போட்டு, உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது என்று ஏகப்பட்ட நிபந்தனை. அது பிராமண சபை. நீங்களும் நானும் அந்தக் குடத்தின் பக்கமே போயிருக்க முடியாது. அது இருக்கட்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனையும் அவன் சொந்தக்காரர்களையும் சேர்க்கக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்களே, அது எனக்குப் பிடிக்கும். ஏரிக்கரை உடைந்தால் யார் பொறுப்பு என்பதுதான் அவர்கள் கவலை.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். உங்கள் ஏரி வாரியத்தில் யார் இருக்கிறார்கள்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை சொத்து வரி கட்டுகிறீர்கள். 2024இல் நம் மாநிலத்தின் சராசரி வரி ஒரு வீட்டுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. மாவட்டம் மாதிரியான கவுண்டிக்கு இவ்வளவு, ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்புக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு என்று அந்த பில்லில் பிரித்துப் போட்டிருக்கும். பல ஊர்களில் ஃபயர் டிஸ்ட்ரிக்ட், அதாவது தீயணைப்பு வட்டாரம், என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதை நடத்துவது மேயர் இல்லை. மூன்று வருடப் பதவியில் இருக்கும் ஐந்து கமிஷனர்கள். அவர்களுக்குத் தனித் தேர்தல், பட்ஜெட்டுக்கும் தனி ஓட்டு. எப்போது தெரியுமா? பிப்ரவரி மூன்றாவது சனிக்கிழமை. சில ஊர்கள் நவம்பருக்கு மாற்றிக்கொண்டன, மற்ற ஊர்களில் இன்னும் அந்தப் பனியில்தான்.

நான் முதல்முறை போனதே வரி ஏறிவிட்ட கோபத்தில்தான். ஃபயர் ஸ்டேஷனுக்கு நூறு அடி தள்ளி, பனிக்குவியல் பக்கத்தில் ஒருவர் கையில் சின்ன அட்டைகளோடு நின்றுகொண்டிருந்தார். அதற்குள் வந்து பிரசாரம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. யாரென்று பார்த்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டு வாட்டர் ஹீட்டரை மாற்றிக் கொடுத்த பிளம்பர். கமிஷனர் பதவிக்கு நிற்கிறாராம். குழாய் அடைப்பை மட்டும் விசாரித்துவிட்டு உள்ளே போனேன். மேஜைக்குப் பின்னால் வயதான பெண்கள் மூன்று பேர். ஒருவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுப் போட வந்தவன் என்று அங்கே என்னைத் தவிர ஆள் இல்லை. அவர் என் நீளப் பெயரைப் புத்தகத்தில் தேடிப் பிடித்து, அச்சாகியிருந்த என் பழைய கையெழுத்தையும் நான் அப்போது போட்டதையும் மாறி மாறிப் பார்த்தார். “வயசாகிறது உனக்கு, வளைவெல்லாம் போய்விட்டது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புது ஏணி வண்டி வாங்கலாமா என்று ஒரு கேள்வி. வண்டி விலை பத்து லட்சம் டாலருக்கு மேல். நான் வேண்டாம் என்று போட்டேன். வேண்டும் என்றவர்கள் ஜெயித்தார்கள், பிளம்பரும் ஜெயித்தார். அன்றைக்கு ஊர் முழுக்க விழுந்த ஓட்டு, நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் சாப்பாட்டுக்கு நிற்கும் வரிசை அளவுகூட இருக்காது. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். அந்த வரிசையில் தட்டோடு நிற்கிறவர்களில் எத்தனை பேர் விஸ்கான்சினின் கவுண்டிகளைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள்! ஜார்ஜியாவில் எந்தப் புறநகர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நடுராத்திரி வரைக்கும் டிவி முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். ஸ்கூல் போர்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் பாயசம் ஆறுகிறது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அம்மா. முடிவு தெரிந்த இடத்தில் எதற்கு நிற்க வேண்டும் என்கிறீர்கள். முடிவு தெரியாத இடத்தில் நின்றீர்களா?

குடத்தில் சீட்டு எடுப்பது இங்கேயும் நடந்திருக்கிறது. 2017இல் வர்ஜீனியா மாநிலச் சட்டசபைத் தேர்தல், நியூபோர்ட் நியூஸ் பக்கம் 94ஆம் தொகுதி. மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தார். மறுநாள் நீதிபதிகள் முன்னால் ஒரு ஓட்டுச்சீட்டு வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு பேர் பெயருக்கு நேரேயும் வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு, ஒன்றின் மேல் கோடு கிழித்திருந்தார். அது குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சிக்குத்தான் என்று தீர்ப்பாயிற்று. ஆளுக்கு 11,608. அப்புறம் 2018 ஜனவரி 4ஆம் தேதி, பழைய ஃபிலிம் சுருள் டப்பாக்களில் இருவர் பெயரையும் போட்டு, ஒரு பீங்கான் பாத்திரத்திலிருந்து ஒன்றை எடுத்தார்கள். யான்சி. அந்த ஒரு சீட்டில் சபை 51க்கு 49 என்று குடியரசுக் கட்சியின் கையில் நின்றது. அன்று வீட்டில் இருந்துவிட்ட யாராவது ஒருவர் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டு காபி குடித்திருப்பார்.

உள்ளூர் அரசியல் உயர்ந்தது, தூயது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அற்பத்தனம் இங்கேதான் கொழிக்கும். இவ்வளவு சின்ன மாநிலத்தில் 564 நகராட்சிகள். ஆளுக்கொரு கவுன்சில், ஆளுக்கொரு வரவுசெலவு. பிரின்ஸ்டன் பரோவும் அதைச் சுற்றிக் கிடந்த பிரின்ஸ்டன் டவுன்ஷிப்பும் பலமுறை பேசிப் பேசி முறிந்து, 2013இல்தான் ஒன்றாயின. 1949 முதல் நம் காருக்கு நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக்கூட இங்கே சட்டம் விடுவதில்லை. இதையெல்லாம் வைத்து ஊரைக் கிண்டல் செய்து பல கட்டுரை எழுதிப் பிழைத்திருக்கிறேன். கவுன்சில் கூட்டத்தில் வேலி உயரத்தைப் பற்றி இரண்டு பேர் முக்கால் மணி நேரம் சண்டை போட்டதைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன். பொறுமை போயிற்று. ஆனாலும் அங்கே மைக் முன்னால் போய் நிற்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உங்கள் நாத்தனார் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பிய யாருக்கும் அவர் பெயர் தெரியாது, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அதற்குப் போய் நீங்கள் பொறாமைப்படுகிறீர்கள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எல்லாமே தூரத்திலிருந்து பார்க்க வேண்டிய விஷயமாகத்தான் எனக்கும் இருந்தது. விசா இருக்கும் வரைக்கும் வாயைத் திறக்கப் பயம், கிரீன் கார்டு வந்த பிறகும் வேலை போய்விடுமோ என்று பயம். முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வரும்போது நீங்கள் எப்படி இருந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

சானல் பற்றிக் கேட்டீர்கள். அப்புறம் பேசுவோம். முதலில் அந்த சொத்து வரி பில்லைத் தேடி எடுத்து, ஃபயர் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு வரி இருக்கிறதா, எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். இருந்தால், அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கதவைத் திறப்பார்கள், ராத்திரி ஒன்பது வரை நேரம் இருக்கிறது. வண்டி வெளியே வரும் பெரிய கதவுக்கு முன்னால் மட்டும் காரை நிறுத்திவிடாதீர்கள்.