ரேடியோ விளம்பரம்: ‘நாள் முழுக்க வரும்’ என்றால் வாங்கலாமா?

கேள்வி: மெத்தை, கட்டில் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். உள்ளூர் எஃப்எம் நிலையத்திலிருந்து வந்தவர் மாதத்துக்கு 240 ஸ்பாட் (விளம்பரம் ஒரு தடவை ஓடுவது ஒரு ஸ்பாட்), அதில் 120 போனஸ் என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார். விலையும் கட்டுப்படியாகும் போலத்தான் இருக்கிறது. எப்போதெல்லாம் வரும் என்று கேட்டால் ‘நாள் முழுக்க வரும் சார்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்படியே வாங்க வேண்டாம். பேக்கேஜைக் கலைத்து நீங்கள் கேட்கிற மாதிரி அடுக்கித் தந்தால் வாங்கலாம்.

முதலில் அந்த 120 போனஸ். எந்த நேரத்தில் வரும் என்று கேளுங்கள். பெரும்பாலும் இரவு 11 மணிக்கு மேல் விடிகாலை வரைக்கும், அதாவது விற்காமல் கிடக்கிற நேரமாக இருக்கும். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். மீதி 120ஐ 30 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 4. காலை 6 முதல் இரவு 11 வரை 17 மணி நேரம், அதற்குள் 4 தடவை. உங்கள் கடைக்கு வரக்கூடிய ஒருவர் தினமும் வேலைக்குப் போகிற வழியில் அரை மணி நேரம் ரேடியோ கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 மணி நேரத்தில் 34 அரை மணி இருக்கிறது, உங்கள் ஸ்பாட் 4 அதில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது, அவர் காதில் ஒன்று விழ எட்டு ஒன்பது நாள் ஆகும். மாதத்துக்கு மூன்று நான்கு தடவை. அதிலும் ஒரு தடவை அவர் போனில் பேசிக்கொண்டிருப்பார்.

இதையே வேலை நாளில் மட்டும், காலை 8 முதல் 10 வரை மட்டும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்துக்கு ரேட் கூடுதல்தான். இரண்டு மடங்கு சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அதே பணத்துக்கு 60 ஸ்பாட்தான் வரும், மாதத்தில் 22 வேலை நாள் என்றால் நாளைக்கு இரண்டோ மூன்றோ. ஆனால் அதே ஆள் அதே அரை மணி கேட்கும்போது மூன்று நாளில் இரண்டு நாள் உங்கள் விளம்பரம் அவர் காதில் விழும், மாதத்துக்கு 15 தடவை போல. பாதி ஸ்பாட்டில் நாலு மடங்கு! மாலையில் மட்டும் கேட்கிறவர்களுக்கு நாம் இருப்பதே தெரியாமல் போகுமே என்றால், ஆமாம், போகும். சின்ன பட்ஜெட்டில் ஊருக்கெல்லாம் அரைகுறையாகத் தெரிவதைவிட கொஞ்சம் பேருக்கு நன்றாகத் தெரிவது மேல் என்பது என் கட்சி. இரண்டு நிலையம், மூன்று நிலையம் என்று பணத்தைப் பங்கு போடுவதும் இதனால்தான் எனக்குப் பிடிக்காது.

‘மூன்று தடவை கேட்டால் போதும் சார், பதிந்துவிடும்’ என்றும் உங்களிடம் சொல்வார்கள். 1972இல் ஹெர்பர்ட் க்ரூக்மன் என்ற அமெரிக்க விளம்பர ஆய்வாளர் சொன்னதன் தேய்ந்த வடிவம் அது. அவர் சொன்னது வேறு. முதல் கட்டத்தில் ‘இது என்ன’ என்று மனம் கேட்கும், இரண்டாவதில் ‘இதனால் எனக்கென்ன’ என்று கேட்கும், மூன்றாவது வெறும் நினைவூட்டல். ஒருவருக்கு இருபதாவது தடவை கேட்கும்போதுதான் அந்த இரண்டாவது கட்டமே வரலாம். பிறகு 1990களில் எர்வின் எஃப்ரான் என்ற விளம்பரத் திட்டமிடல் நிபுணர் இதைத் திருப்பிப் போட்டார்: எத்தனை தடவை என்பதைவிட, ஒருவர் வாங்கப்போகிற சமயத்தில் நம் விளம்பரம் அவர் காதில் விழுந்ததா என்பதுதான் முக்கியம் என்றார். உங்கள் சரக்குக்கு இது ரொம்பப் பொருந்தும். மெத்தையை யாரும் மாதாமாதம் வாங்குவதில்லை, இந்த வாரம் வாங்குகிற நிலையில் இருப்பவர்கள் கேட்பவர்களில் வெகு சிலர், அவர்கள் யார் என்று உங்களுக்கும் தெரியாது, நிலையத்துக்கும் தெரியாது. அதனால் ஒரு மாதம் வெளுத்து வாங்கிவிட்டு மீதி வருஷம் காணாமல் போவதற்குப் பதில், மாதத்தில் ஒரு வாரம், அதே நேரம், அடர்த்தியாக, ஆறேழு மாதம் வருகிற மாதிரி கேளுங்கள். உங்கள் கடையில் எந்தக் கிழமை வியாபாரம் அதிகமோ, அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் ஸ்பாட் கூடுதலாக விழட்டும்.

இன்னொன்று. உங்கள் வாடிக்கையாளர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள்? எல்லோரும் பக்கத்துத் தெருக்காரர்கள் என்றால், பல பத்து கிலோமீட்டர் கேட்கிற நிலையத்துக்குப் பணம் கட்டுவது வீண், அந்தப் பணத்துக்கு நல்ல பெயர்ப்பலகையும் துண்டு நோட்டீஸும் போதும். தூரத்திலிருந்தும் வருகிறார்கள் என்றால், அந்தப் பகுதிகளுக்கு ஒரு சாதாரண ரேடியோவை எடுத்துக்கொண்டு போய் நிலையம் தெளிவாகக் கேட்கிறதா என்று நீங்களே பாருங்கள். எஃப்எம் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை, குன்றோ உயரமான கட்டடங்களோ குறுக்கே வந்தால் கரகரக்கும். அவர்கள் காட்டுகிற வரைபடத்தில் அதெல்லாம் தெரியாது.

கேள்வி: எங்களுக்கு இத்தனை லட்சம் நேயர்கள் என்று ஒரு நிலையம் காகிதம் காட்டுகிறது. எப்படி நம்புவது?

பதில்: எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் நினைக்கிற எண் அது இல்லை. அந்த லட்சம் என்பது வழக்கமாக ஒரு வாரத்திலோ மாதத்திலோ எப்போதாவது அந்த நிலையத்தைக் கொஞ்ச நேரம் கேட்ட அத்தனை பேரும் சேர்ந்தது. அந்தக் ‘கொஞ்ச நேரம்’ நிஜமாகவே கொஞ்ச நேரம்தான்: அமெரிக்க அளவீட்டில் நெடுங்காலம், ஒரு கால் மணி நேரத்தில் 5 நிமிடம் கேட்டிருந்தாலே ஒருவர் நேயர் கணக்கில் வந்துவிடுவார். உங்களுக்கு வேண்டியது, நீங்கள் வாங்கப்போகிற நேரத்தில் சராசரியாக எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது. முதல் எண்ணில் சின்னத் துண்டுதான் அது, கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

எப்படி எண்ணினார்கள் என்றும் கேளுங்கள். சில இடங்களில் ஆட்களிடம் நோட்டுக் கொடுத்து எதைக் கேட்டோம் என்று எழுதச் சொல்வார்கள், ஒருவர் ஞாபகத்தில் எழுதுவது, பிடித்த நிலையத்தின் பெயரைக் கூடுதலாகவே எழுதுவார். சில இடங்களில் காதுக்குத் தெரியாத குறியீட்டை ஒலியிலேயே கலந்து அனுப்பி, ஆட்கள் உடம்போடு வைத்திருக்கிற சின்னக் கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். நிலையமே நடத்திய கணக்கெடுப்பு என்றால் விளம்பரமாகப் படித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: 30 விநாடிக்குள் என்னென்ன சொல்ல வேண்டும்? எங்களிடம் எட்டு வகைச் சரக்கு, தள்ளுபடி, மூன்று போன் நம்பர், முகவரி எல்லாம் இருக்கிறது. என் குரலிலேயே பேசலாமா?

பதில்: ஒரே ஒரு விஷயம். எட்டு வகையையும் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் நிற்காது, மற்ற ஏழையும் கடைக்குள் வந்தபிறகு காட்டிக்கொள்ளுங்கள். போன் நம்பர் ரேடியோவில் கிட்டத்தட்ட வீண். வண்டி ஓட்டுகிறவர் எங்கே எழுதுவார்? மூன்று நம்பர் என்பது அக்கிரமம். கதவு எண், குறுக்குத் தெரு எல்லாம் வேண்டாம், ஊரே அறிந்த ஓர் அடையாளத்தைச் சொல்லி அதற்கு எதிரே, அதற்குப் பக்கத்தில் என்று முடியுங்கள். கடைப் பெயரை இரண்டு மூன்று தடவை சொல்லுங்கள், கடைசியாகச் சொல்லும்போது நிறுத்தி, தெளிவாக.

எழுதியதைக் கடிகாரம் வைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். 30 விநாடிக்கு மேல் போனால் வாக்கியத்தை வெட்ட வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது. மூச்சு விடாமல் பொரிந்து தள்ளுகிற விளம்பரங்கள் எல்லாம் வெட்ட மனசு வராதவர்கள் எழுதியவை. உங்கள் குரலில் பேசலாம், தாராளமாக. ஸ்டுடியோக் குரல்களுக்கு நடுவில் ஒரு சாதாரண மனிதர் பேசினால் காது நிமிரும். வாசிப்பது போல இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். ஜிங்கிள் வேண்டுமா என்றால், வருஷக்கணக்கில் அதையே போடப்போகிறீர்கள் என்றால் செய்யுங்கள், ஒரு மாதத்துக்காக இசையமைத்து வீணாக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்பாட்டுக்குப் பதில் ஆர்ஜேயே நிகழ்ச்சிக்கு நடுவில் நம் கடையைப் பற்றிப் பேசுவார் என்கிறார்கள். எது நல்லது?

பதில்: ஆர்ஜே பேசுவது எனக்குப் பிடிக்கும், விளம்பர இடைவேளையில் நிலையம் மாற்றுகிறவர்கள்கூட அதைக் கேட்டுவிடுவார்கள். ஆனால் காசு கொடுத்துப் பேசச் சொன்னது என்று நேயருக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தெரிய வரும்போது கெட்டபெயர் உங்களுக்கும் சேர்த்துத்தான். முடிந்தால் ஆர்ஜேயைக் கடைக்கு வரச் சொல்லி ஒரு மெத்தையில் உட்காரவாவது சொல்லுங்கள், பார்க்காமல் புகழ்கிற குரல் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். என்ன சொல்லக் கூடாது என்பதை எழுதிக் கொடுங்கள். உற்சாகத்தில் உங்களால் தர முடியாத உத்தரவாதத்தை அவர் தந்துவிட்டால் வாடிக்கையாளர் உங்கள் கடையில்தான் வந்து நிற்பார்.

ஒரு உபரித் தகவல்: உலகின் முதல் ரேடியோ விளம்பரமாகப் பலரும் சொல்வது 1922 ஆகஸ்டில் நியூயார்க்கின் டபிள்யூஈஏஎஃப் நிலையத்தில் அடுக்குமாடி வீடுகளை விற்க ஒலிபரப்பானது. அதுவும் உள்ளூர் வியாபாரம்தான், அதுவும் ஒருவர் பேசியதுதான், கிட்டத்தட்ட 10 நிமிடம்!

கேள்வி: சினிமாப் பாட்டு மெட்டில் நம் கடைப் பெயரைப் போட்டுப் பாடலாமா? நிலையமே செய்து தருகிறேன் என்கிறது.

பதில்: வேண்டாம். பாட்டை ஒலிபரப்ப நிலையம் வாங்கிய உரிமை வேறு, அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்த உரிமையாளரிடம் வாங்க வேண்டிய அனுமதி வேறு. மெட்டை மட்டும் எடுத்து வரிகளை மாற்றினாலும் அதேதான். எழுத்தில் அனுமதி காட்டினால் பார்க்கலாம். அப்புறம், நிலையம் உங்களுக்காகப் பதிவு செய்கிற எந்த விளம்பரமாக இருந்தாலும் அது யாருக்குச் சொந்தம், வேறு நிலையத்தில் போடலாமா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பல இடங்களில் இலவசத் தயாரிப்பு என்று செய்து தந்துவிட்டு, வேறெங்கும் போட விடமாட்டார்கள்.

கேள்வி: போன தடவை போட்டேன். பலன் இருந்ததா என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில், போட்டார்களா என்று கண்டுபிடியுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஓடியது என்று நிலையத்திலிருந்து ஒலிபரப்புப் பட்டியல் கேட்டு வாங்க வேண்டும், பில்லுக்கு முன்னால். நீங்களும் சில நாள் அந்த நேரத்தில் கேட்டுப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். விட்டுப்போன ஸ்பாட்டுக்கு ஈடு தருவார்கள், ஆனால் காலை 8 மணிக்கு விட்டதை நள்ளிரவில் போட்டு ஈடு செய்ய விடாதீர்கள், அதே நேரத்தில் அல்லது பணமாக என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். உங்கள் போட்டிக் கடை விளம்பரம் அதே இடைவேளையில் வரக் கூடாது என்பதையும் கூடவே சேருங்கள்.

பலனைப் பொறுத்தவரை, வாடிக்கையாளரிடம் ‘எங்கே கேள்விப்பட்டீர்கள்’ என்று கேட்பதை ரொம்ப நம்பாதீர்கள். ரேடியோவில் கேட்டுவிட்டுப் பலகையைப் பார்த்து உள்ளே வருகிறவர் பலகை என்றுதான் சொல்வார். ரேடியோவில் மட்டும் சொல்கிற ஒரு சலுகை வையுங்கள், வேறெங்கும் அது இருக்கக் கூடாது. எத்தனை பேர் அதைக் கேட்டு வருகிறார்கள் என்று நோட்டில் குறியுங்கள். கூடவே விளம்பரம் ஓடிய வாரங்களின் விற்பனையையும் ஓடாத வாரங்களின் விற்பனையையும் தனித்தனியாக எழுதி, அவற்றை போன வருஷத்து அதே வாரங்களோடு வைத்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு வாரம் என்று மேலே ஒருவருக்குச் சொன்ன முறையில் போனால் இந்த ஒப்பீடு தானாகவே கிடைத்துவிடும். மெத்தை மாதிரி யோசித்து வாங்குகிற சரக்குக்கு மூன்று மாதமாவது கொடுங்கள், அதற்குள் ஒரு அசைவும் தெரியவில்லை என்றால் முதலில் வரிகளை மாற்றுங்கள், அப்புறம் நேரத்தை, கடைசியாக நிலையத்தை. மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எதனால் மாறியது என்று தெரியாது. ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்கிற மாதிரி ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பதையும் கையெழுத்துப் போடும் முன் பார்த்து அடிக்கச் சொல்லிவிடுங்கள்.