சார் இல்லாத வீட்டுக்கு எந்த அட்டை?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு 1994-லிருந்து வருஷம் தவறாமல் பொங்கல் வாழ்த்து அனுப்பி வருகிறேன். ரிட்டயரானதும் அவரும் சாரும் கும்பகோணம் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்தும் அஞ்சலட்டையில் பதில் வந்துவிடும். ‘உன் வாழ்த்தை சார்தான் ஷோகேஸில் முன்னால் எடுத்து வைத்தார்’ என்று அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். இந்த ஐப்பசியில் சார் தவறிவிட்டார். என் மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் காரியத்துக்குக்கூடப் போக முடியவில்லை. அவர்கள் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் கிடையாது. வாழ்த்து அனுப்பினால் தப்பு. அனுப்பாவிட்டால் மறந்துவிட்டாள் என்று நினைப்பாரோ? கடையில் இரங்கல் அட்டை என்று எடுத்துக் காட்டினார்கள். எல்லாம் இங்கிலீஷ் கவிதையும் வெள்ளைப் பூவும். அனுப்ப மனசு வரவில்லை. எந்த அட்டை வாங்குவது, அக்கா?

ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

கட்டாயம் அனுப்புங்கள். பொங்கல் வாழ்த்து வேண்டாம், அந்த வெள்ளைப் பூ அட்டையும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த ஷோகேஸ்தான் என் கண்ணிலேயே நிற்கிறது. இத்தனை வருஷமாக உங்கள் அட்டையை எடுத்து வைத்த கை இப்போது இல்லை. இந்தத் தை மாதம் தபால்காரரிடம் வாங்குவதும் டீச்சர்தான், எங்காவது வைப்பதும் டீச்சர்தான். எங்கே வைப்பார்? அநேகமாக சார் படத்துக்குப் பக்கத்தில். மாலை போட்ட படம், சின்ன விளக்கு, அதன் ஓரத்தில் சாய்த்து வைத்த ஓர் அட்டை. அந்த இடத்தை மனசில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அங்கே வைக்க முடிகிற அட்டையை மட்டும் கையில் எடுங்கள். பொங்குகிற பானை, கரும்பு, ஜிகினாத் தூள், திறந்தால் பாட்டுப் பாடுகிற அட்டை எல்லாம் தானாகவே கழிந்துபோகும்.

இரங்கல் அட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நம் ஊரில் காகிதத்தைப் பார்த்ததுமே சேதி தெரிந்துவிடும். மூலையில் மஞ்சள் தடவி வந்தால் நல்ல சேதி. கறுப்புக் கரை போட்டு வந்தால் கருமாதிப் பத்திரிகை. எங்கள் வீட்டில் அதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். துக்கத்தை அச்சடித்து வருகிற எதுவும் டீச்சர் வயதுக்காரர்களுக்கு அந்த வரிசையில்தான் சேரும். நீங்கள் அனுப்புவது அந்த வீட்டில் தங்க வேண்டும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் உங்கள் கடலூருக்கும் எங்கள் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது உங்களுக்கும் மறந்திருக்காது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நான் மார்கழி பிறந்ததுமே ஒரு டஜன் பொங்கல் வாழ்த்து ஒரே மாதிரியாக வாங்கி, விலாசமும் எழுதி வைத்திருந்தேன். புயல் அடித்த பிறகு, ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில், அந்தக் கட்டை யோசிக்காமல் தபாலில் சேர்த்துவிட்டேன். அதில் ஒன்று பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருந்த என் பெரியம்மாவுக்கு. தோப்பு நிழலில் பானை பொங்குகிற படம். பெரியம்மாவின் தோப்பில் ஒரு பலாகூட நிற்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாசியில் போனபோது பார்த்தேன், வந்த கடிதங்களையெல்லாம் வழக்கம்போல் கொக்கிக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். என் அட்டையை மட்டும், படம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பிக் குத்தியிருந்தார். அதற்கப்புறம் நான் கட்டாக வாங்குவதே இல்லை. ஒவ்வொருவராக நினைத்து ஒவ்வொன்றாகத்தான் வாங்குகிறேன்.

சரி, டீச்சருக்கு என்ன வாங்கலாம்? ஒரு நாள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வாருங்கள். இங்கே படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959-லிருந்து நடக்கிறது. பருத்தித் துணித் துண்டுகளை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளித் தாளாக்குவார்கள். மார்பிள் தாள் என்றால், தொட்டித் தண்ணீரில் சாயத்தை மிதக்கவிட்டு அதன்மேல் தாளைப் படியவைத்து எடுப்பார்கள். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. இந்த மாதிரித் தாளில் செய்த, உள்ளே ஒரு எழுத்தும் அச்சடிக்காத அட்டையாகப் பாருங்கள். விரலால் தடவினால் துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டியைத் தொடுவது மாதிரி இருக்கும். வெளிர் நிறமாக எடுங்கள், டீச்சர் கண்ணுக்கு எழுத்து தெரிய வேண்டும். மை பேனா சில தாளில் ஊறிப் படரும், அதனால் உறையின் உள்பக்கத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வாழ்த்து அட்டை பிறந்ததே எழுத நேரமில்லாதவருக்காகத்தான். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், குவிந்துகிடந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரைந்து வாங்கி அச்சடித்தார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் முதலாவது அதுதான் என்பார்கள். மேலே பெறுகிறவர் பெயருக்கு ஒரு கோடு, கீழே அனுப்புகிறவர் பெயருக்கு ஒரு கோடு. நடுவில் இருந்த வாழ்த்து எல்லோருக்கும் ஒன்றுதான். இந்த முறை நடுவில் வர வேண்டியதையும் நீங்களே எழுதுங்கள்.

‘ஆழ்ந்த இரங்கல்’ வேண்டாம். ‘காலம் ஆற்றும்’ வேண்டவே வேண்டாம். மகளுக்கு அம்மை, அதனால் வர முடியவில்லை என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அந்த ஷோகேஸ் வரியையும் எழுதுங்கள். ‘சார் என் அட்டையை முன்னால் வைத்தார் என்று நீங்கள் எழுதுவதைப் படிக்கத்தான் ஒவ்வொரு தையிலும் காத்திருப்பேன், டீச்சர்’ என்று எழுதினால் அவர் அழுவார்தான். பரவாயில்லை. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனதும், போனவரைப் பற்றிய பேச்சை எடுக்கவே எல்லோரும் தயங்குகிறார்கள். உங்கள் அட்டையிலாவது சார் இருக்கட்டும்.

பொங்கலன்று போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவெல்லாம் கோலம் போட்டிருக்கும்போது அந்த வாசல் மட்டும் வெறுமையாக இருக்கும் நாள் அது. காணும் பொங்கலும் கழியட்டும், அப்புறம் போடுங்கள். தாமதம் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், சில உண்டு. பிரான்சில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து அவர்களுக்குப் புத்தாண்டு அட்டை ஜனவரி முழுக்க வந்துகொண்டிருக்கும். 31-ஆம் தேதி வரை அனுப்புவது பிரெஞ்சுக்காரர் வழக்கம், யாரும் குறை சொல்வதில்லை.

கைக்காகிதம் கனமாக இருக்கும். 20 கிராம் வரைதான் 5 ரூபாய்த் தபால்தலை. கவுண்டரில் எடை போட்டுவிடுங்கள். தலை குறைந்தால் பெறுகிறவரிடம் வசூலிப்பார்கள், டீச்சர் வாசலில் நின்று சில்லறை தேட வேண்டாம்.

உறையைப் பற்றி ஒன்று. இத்தனை வருஷம் சார் பெயரையும் சேர்த்துத்தான் விலாசம் எழுதியிருப்பீர்கள். இந்த முறை டீச்சர் பெயர் மட்டும் போதும். முன்னால் ‘திருமதி’ போடலாமா கூடாதா என்று பேனா நின்றால், பெயருக்குப் பின்னால் ‘டீச்சர்’ என்று எழுதிவிடுங்கள். அந்த ஊர்த் தபால்காரருக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா